தனுக்கோடிக் கரையில் ஒரு மாதா கோயில்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் நாம். ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ செகந்திராபாத்தில் இரயிலேறித் தமிழகம் சென்று வருகிறோம். சிலர் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறோம். சிலர் முதியோரைக் கண்டு வருகிறோம். பலர் இராமேசுவரம் சென்று கடலாடித் திரும்புகிறோம். இராமேசுவரம் வரை செல்வோர் இப்போது தவறாமல் மற்றோர் இடத்தையும் பார்க்கின்றனர். அதுவே தனுஷ்கோடி என இன்று வழங்கும் தனுக்கோடி. அங்கே மணல்வெளி நடுவில், கூரையின்றி, கதவின்றி, மணியின்றி நிற்கிறது ஒரு மாதா கோயில். அதன் வரலாற்றை இவ்விழா மலரின் வாயிலாக நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்ல விழைகின்றோம். சிதைந்த சுவர் ஒன்றைப் பற்றி இத்துணை நீளமாக எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். அச்சுவர் கடல் கடந்து பிழைக்கப் போன தமிழர் கூட்டத்தின் வழியில் நின்ற சுவர். அதனால் அதன் கதையில் நம் கதையும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

கோயிலின் தோற்றம்

இராமேசுவரத் தீவின் தென்கிழக்கு முனை, நீண்டு மெலிந்த மணல் நாக்கு ஒன்றாகக் கடலுக்குள் நீள்கிறது. அதன் வடபுறத்துக் கடல் அமைதியானது. தென்புறத்துக் கடல் ஆர்ப்பரிப்பது. ஆகவே அங்குள்ள மீனவர் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்லுவர். இவ்விரு கடலுக்கும் நடுவே, சில இடங்களில் ஒரு கூப்பிடு தொலைவுகூட அகலமில்லாத மணற்பரப்பில், ஒரு காலத்தில் ஒரு பட்டணம் இருந்தது. இரயில் நிலையம், துறைமுகம், சுங்கச் சாவடி, அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில்கள், கடைவீதி ஆகிய அனைத்தும் அங்கு இருந்தன. இன்று அவற்றின் எச்சங்கள் மட்டுமே உள்ளன. அந்த எச்சங்களுள் உருவம் குலையாமல் நிற்பதும், வருவோர் கண்ணை முதலில் ஈர்ப்பதும் மாதா கோயிலே.

முகப்புச் சுவர் உயர்ந்து நிற்கிறது. வளைவான வாயில்களும் சாளரங்களும் வானத்தைச் சட்டமிட்டுக் காட்டுகின்றன. பீடம் இருந்த பக்கத்திலும் மேலே வெறும் வானமே. சுவரை அணுகிக் கையால் தடவிப் பார்த்தால் அது செங்கல் அன்று, கருங்கல்லும் அன்று என்பது விளங்கும். பூவின் இதழ்போலவும் தேன்கூட்டின் கண்போலவும் நுண்ணிய துளைகள் நிறைந்த அக்கல்லை முருகைக்கல் என்பர். அது பவளப் பூச்சிகள் கட்டிய கல். கடலிலிருந்து வெட்டி எடுத்த அக்கல்லையே அடுக்கி, சுண்ணாம்புக் கலவை இட்டுக் கட்டியிருக்கின்றனர். கருங்கல்லும் செம்மண்ணும் அரிதான அத்தீவில் வீடு கட்டுவோர்க்குக் கடலே கற்சுரங்கமாக இருந்தது.

இதனை முதன்முறை பார்ப்போர் பலரும், "இது எத்தனை நூற்றாண்டுப் பழைமை உடையதோ!" என வியக்கின்றனர். அயல்நாட்டுக் கடற்கரைகளில் இடைக்காலத்துச் சிற்றாலயங்கள் இடிந்து நிற்கும் படங்களைப் புத்தகங்களில் கண்டவர்க்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. இங்கிலாந்தின் கீழ்க்கரையில் டன்விச் என்று ஓர் ஊர் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அது பெருந்துறைமுகம். 1286ஆம் ஆண்டுப் புயல் முதலாகக் கடல் அதைச் சிறுகச் சிறுக விழுங்கியது. அவ்வூரின் பழைய ஆலயங்களுள் எஞ்சி நின்ற ஒன்று, 1904 தொடங்கி 1919க்குள் குன்றின் விளிம்பிலிருந்து பகுதி பகுதியாகச் சரிந்து கடலில் வீழ்ந்தது. நம் தனுக்கோடிக் கோயிலும் அத்தகைய பழங்காலச் சின்னமே எனப் பலர் எண்ணிச் செல்கின்றனர்.

உண்மை அதுவன்று. இது ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் எழுந்த கட்டடம். 1964ஆம் ஆண்டு மார்கழி மாதம் வரை அங்கே வழிபாடு நடந்தது. அக்கோயிலில் மண்டியிட்டவர்களுள் சிலர் இன்றும் முதியோராக உயிர்வாழக் கூடும். ஆயிரம் ஆண்டுப் பழைமை போலத் தோன்றுவது உண்மையில் ஒரு தலைமுறையின் நினைவுக்கு உட்பட்டது. உப்புக் காற்று நுண்துளைகளுக்குள் புகுந்து, உள்ளே உப்புப் படிகமாகி, கல்லை உள்ளிருந்தே பிளக்கிறது. மணற்காற்று வெளியிலிருந்து அரமாக அராவுகிறது. கூரையையும் மரத்தையும் இழந்த கட்டடம் அக்கரையில் விரைவில் முதுமை எய்திவிடுகிறது.

இடைக்காலத்துக் கரை

அப்படியானால் இடைக்காலத்தில் அக்கரையில் கிறித்தவக் கோயில்கள் இல்லையா? இடைக்காலம் முடிகின்ற வேளையில் அவை தோன்றின. ஆயினும் அவற்றின் சுவர்களை நாம் இன்று காண இயலாது.

சேதுக்கரை வரலாற்றில் பன்னூற்றாண்டுகளாக ஒரு வாயிலாகவே இருந்து வந்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஈழத்து மன்னன் பராக்கிரமபாகுவின் படைத்தலைவன் இலங்காபுரன் கடல் கடந்து இராமேசுவரத்தைக் கைப்பற்றினான் என்று சூளவம்சம் கூறுகிறது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தம் காசுகளில் 'சேது' என்ற சொல்லைப் பொறித்தனர். பின்னர் இராமநாதபுரத்து மன்னர்கள் சேதுபதிகள் என்றே பெயர் பூண்டனர். கடலுக்கு இருபுறத்தாரும் இந்த மணல்திட்டைத் தம் பெருமைக்குரியதாகக் கருதினர் என்பது இவற்றால் புலனாகும்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தனர். 1535 தொடங்கி இரண்டொரு ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையினராகக் கிறித்தவம் தழுவினர். 1542இல் தூய பிரான்சிசு சவேரியார் அக்கரைக்கு வந்து ஊர் ஊராக நடந்தார். கடலுக்கு அப்பால் மன்னாரிலும் மக்கள் மதம் மாறினர். அதனால் சினங்கொண்ட யாழ்ப்பாண மன்னன் சங்கிலி 1544இல் அவர்களுள் ஏறத்தாழ 600 பேரைக் கொல்வித்தான் என வரலாறு கூறும். பாம்பனுக்கு எதிர்க்கரையில் உள்ள வேதாளையில் 1549இல் இத்தாலியரான அந்தோனியோ கிரிமினாலி என்னும் பாதிரியார் படைவீரர் கையால் மாண்டார். 1693இல் அருளானந்தர் எனத் தமிழர் அழைத்த ஜான் டி பிரிட்டோ ஓரியூரில் சேதுபதியின் ஆணையால் தலை வெட்டுண்டார்.

அந்நாளைய கடற்கரைக் கோயில்கள் பெரும்பாலும் மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்டவை. ஒரு புயலுக்கு, ஒரு படையெடுப்புக்கு, ஒரு தீக்கு அவை தாங்கமாட்டா. ஆனால் மீண்டும் மீண்டும் எழும்பின. ஏன் எழும்பின? மக்கள் அங்கே இருந்தார்கள், அதனால் எழும்பின. இச்சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால், 1964க்குப் பின் தனுக்கோடிக் கோயில் ஏன் எழும்பவில்லை என்பதன் காரணம் தானே விளங்கும்.

பட்டணம் எழுந்த வரலாறு

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றது. கடலுக்கு மேலே இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளம். கப்பல் வரும்போது நடுவில் இரு கைகளைப்போல் பிரிந்து மேலெழும் தூக்குப் பாலம். அதன்மேல் ஓடிய இரயில் தனுக்கோடித் துறை வரை சென்றது. அங்கிருந்து நீராவிக் கப்பல்கள் சில மணி நேரத்தில் இலங்கைத் தலைமன்னாருக்குச் சென்றன. 'இர்வின்', 'கோஷன்' என்ற இரு கப்பல்களின் பெயர்கள் அக்கால மக்களுக்கு மனப்பாடம். சென்னை எழும்பூரில் இரயிலேறுவோர் கொழும்பு வரைக்கும் ஒரே பயணச் சீட்டில் செல்லலாம். இந்த இரயிலைத்தான் 'போட் மெயில்' என்று மக்கள் அழைத்தனர். தனுக்கோடிக்கு இரயில் செல்லாத இக்காலத்தும் அப்பெயர் தமிழர் நாவில் வாழ்கிறது.

அவ்வழியே யார் சென்றனர்? துரைமார்களும் வணிகரும் யாத்திரிகரும் சென்றனர்; உண்மையே. அவர்களினும் பன்மடங்கு மிகுதியாக ஏழை எளியோர் சென்றனர். இராமநாதபுரம், திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பங்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோய்ப் பரிசோதனைக்கு உட்பட்டு, பிறகு தனுக்கோடிக்குக் கொண்டுவரப்பட்டன. மூட்டை முடிச்சுடன் கப்பலுக்குக் காத்திருந்த அம்மக்களுக்குத் தாய்நாட்டில் கண்ட கடைசி ஊர் தனுக்கோடி. திரும்பி வந்தபோது கண்ட முதல் ஊரும் அதுவே. அவர்களுள் இந்துக்கள் சேதுவில் நீராடிச் சென்றிருப்பர். கிறித்தவர்கள் இந்த முருகைக்கல் கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிச் சென்றிருப்பர். போகின்ற பிள்ளைக்கு ஒரு வேண்டுதல், வருகின்ற பிள்ளைக்கு ஒரு நன்றி. துறைமுகத்துக் கோயிலின் பணி அதுதானே!

அவ்வூரில் நிலைத்து வாழ்ந்தவர்கள் மீனவரும், இரயில்வே ஊழியரும், சுங்கத்தாரும், துறைமுகக் கூலிகளும், கடை வைத்திருந்தோரும். மீன்பிடித் தொழிலை ஒழித்துப் பார்த்தால் அந்த ஊர் முழுவதும் 'கடத்திவிடுதல்' என்ற ஒரே வேலையை நம்பி நின்றது.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதில் கையெழுத்திட்டவர்கள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறீமாவோ பண்டாரநாயகாவும். இலங்கையில் நாடற்றவராய் நின்ற இந்திய வம்சாவளித் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது அதன் சாரம். தலைமுறை தலைமுறையாகத் தனுக்கோடி வழியே போன மக்கள் அதே வழியே திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் அவ்வொப்பந்தத்தின் மை உலர்ந்து இரண்டு திங்கள் ஆவதற்குள் அவ்வழியே இல்லாது போயிற்று.

அந்த இரவு

1964 டிசம்பர் 17ஆம் நாள் அந்தமானுக்குத் தெற்கே ஒரு தாழ்வழுத்தம் தோன்றியது. 19ஆம் நாள் அது கடும் புயலாயிற்று. மேற்கு நோக்கி விரைந்து, 22ஆம் நாள் இலங்கையின் வவுனியாவைக் கடந்து, அன்று நள்ளிரவையொட்டித் தனுக்கோடியைத் தாக்கியது. பௌர்ணமி கழிந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆழ்கடலில் காற்று தள்ளும் நீர் அடியில் இறங்கிப் பரவ இடமுண்டு. ஆழமற்ற கடலில் அதற்கு இடமில்லை. ஆகவே நீர் குவிந்து குவிந்து மேலெழுந்து கரை ஏறுகிறது. அன்றிரவு எழுந்த அலைகள் 20 அடிக்கும் மேற்பட்டவை என்பர். இரு கடலுக்கும் நடுவே சில அடி உயரமே உடைய மணல்திட்டின்மேல் அந்நீர் வந்து புரண்டது.

அந்நேரத்தில் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் இரயில் தனுக்கோடியை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறு பெட்டிகள், 110 பயணிகள், ஐந்து ஊழியர்கள். நிலையத்துக்குச் சிறிது தொலைவில் கைகாட்டி விளக்குத் தெரியவில்லை. இருட்டு, மழை, காற்று. ஓட்டுநர் சற்று நேரம் நின்று, பின்பு நெடிதாக ஊதி வண்டியை முன்னே நகர்த்தினார் என்பர். அலை வந்து ஆறு பெட்டிகளையும் அடித்துக்கொண்டு போயிற்று. உயிர் பிழைத்தார் ஒருவருமிலர்.

ஊரில் நேர்ந்ததும் அதுவே. கூரைகள் பறந்தன; குடிசைகள் கரைந்தன; துறைமேடை முறிந்தது. இப்புயலால் இந்தியாவிலும் இலங்கையிலுமாக மாண்டோர் தொகை 1,800க்குக் குறையாது என்பர். பாம்பன் பாலத்தின் உத்திரங்களில் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. கம்பிகள் அறுந்தமையால் தீவின் துயரம் வெளியுலகை எட்டவே நேரமாயிற்று. நடிகர் ஜெமினி கணேசனும், தெலுங்கு மக்களும் தமிழ் மக்களும் ஒருங்கே போற்றிய நடிகை சாவித்திரியும் அப்போது இராமேசுவரத்தில் தங்கியிருந்து உயிர் தப்பினர் என்பதை நம் முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

அழித்தது புயல் மட்டுமா?

இதுவரை யாவரும் அறிந்த வரலாறு. இனி நாம் சிந்திக்க வேண்டுவது ஒன்று உண்டு. புயலால் அழிந்த ஊர்கள் எத்தனையோ மீண்டும் எழுந்துள்ளன. தனுக்கோடி ஏன் எழவில்லை?

நாம் வாழும் இந்நகரையே எடுத்துக்கொள்வோம். 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு பெருக்கெடுத்து ஐதராபாத்தை மூழ்கடித்தது. மாண்டவர் ஏறத்தாழ 15,000 என்பர். ஆற்றங்கரையில் இன்றைய உசுமானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் ஒரு புளியமரத்தின்மேல் ஏறிப் பிழைத்தவர்கள் 150 பேருக்கு மேல் என்று நகரத்தார் இன்றும் அம்மரத்தைக் காட்டுவர். அப்பேரழிவுக்குப் பின் நிசாம் அரசு என்ன செய்தது? பொறியியல் மேதை விசுவேசுவரய்யாவை அழைத்தது. அவர் ஆற்றின் மேற்பகுதியில் அணைகட்டி வெள்ளத்தைத் தடுக்கும் வழி கூறினார். 1920இல் உசுமான் சாகரும் 1927இல் இமாயத் சாகரும் எழுந்தன. 1912இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைத்துத் தெருக்களைத் திருத்தினர். பெருவெள்ளம் கண்ட நகரம் முன்னினும் சிறந்த நகரமாயிற்று.

தனுக்கோடிக்கு அருகிலேயே மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. சிதைந்த பாம்பன் பாலத்தை ஆறு திங்களில் சீர்செய்ய இரயில்வே எண்ணியது. இளம் பொறியாளர் ஈ. சிறீதரன் தலைமையில் 46 நாட்களில் அது சீராயிற்று. கடலில் கிடந்த இரும்பு உத்திரங்களை மீனவர் துணையுடன் தேடி எடுத்து மீண்டும் பூட்டினர். ஆக, கடலை வெல்லும் ஆற்றலும் ஊக்கமும் நம்மவர்க்கு இல்லாமற் போகவில்லை. பாலம் தேவைப்பட்டது, எழுந்தது. அப்பாலத்துக்குத் துணையாக 1988இல் சாலைப் பாலமும், அதற்கு மாற்றாக 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய இரயில் பாலமும் திறக்கப்பெற்றன.

தனுக்கோடியோ, மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அரசால் அறிவிக்கப்பட்டது. அம்முடிவைக் குறைகூற நாம் வரவில்லை. மணல் நாக்கின்மேல் மறுபடியும் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் கட்டி, மற்றொரு புயலுக்குக் குழந்தைகளைப் பலியிட எவருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் ஊரின் உயிர்நாடியாகிய கப்பல் போக்குவரத்தும் அங்கிருந்து பெயர்ந்தது என்பதை மறத்தல் கூடாது. புயலுக்குப் பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குச் சென்றது; அதுவும் 1984இல் நின்றது. இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தமிழர்கள் இராமேசுவரத்தில் இறங்கினர். 'கடத்திவிடுதல்' என்ற தொழில் போனபின் அவ்வூருக்குத் திரும்பிச் செல்ல இரயில்வே ஊழியருக்கும் சுங்கத்தாருக்கும் வணிகருக்கும் காரணமே இல்லாமற் போயிற்று. புயல் அவ்வூரின் கூரையைக் கொண்டுபோயிற்று. வேலை போனதால்தான் மக்கள் திரும்பவில்லை. மக்கள் திரும்பாமையால் கோயில் எழவில்லை.

திரும்பியவர்கள் மீனவர் மட்டுமே. மின்சாரமும் சாலையும் இன்றி, மணலில் ஊற்றுத் தோண்டி நீர் குடித்து, ஓலைக் குடிசைகளில் அவர்கள் பல்லாண்டு வாழ்ந்தனர். அரசின் ஏட்டில் தகுதியற்ற இடம் அவர்களுக்குத் தாய்மடியாகவே இருந்தது.

மூன்று கோயில்கள்

அக்கடற்பரப்பில் மூன்று கோயில்களை ஒப்பிட்டுப் பார்த்தால் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

முதலாவது, இராமேசுவரத்துக்கும் தனுக்கோடிக்கும் இடையே உள்ள கோதண்டராமர் கோயில். வீடணன் இராமபிரானிடம் அடைக்கலம் புகுந்த இடம் என்பது ஐதிகம். 1964ஆம் ஆண்டுப் புயலையும் தாங்கி நின்ற அக்கோயிலுக்கு அடியார் வருவது நிற்கவில்லை, விளக்கெரிவதும் நிற்கவில்லை.

இரண்டாவது, கச்சத்தீவில் உள்ள அந்தோனியார் கோயில். அத்தீவில் ஊர் இல்லை, குடிநீரும் இல்லை. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அது இலங்கையின் எல்லைக்குள் சென்றது. நம் நாட்டு யாத்திரிகர் கடவுச்சீட்டும் விசாவும் இன்றித் திருவிழாவுக்குச் சென்றுவர அவ்வொப்பந்தமே இடமளித்தது. இலங்கையில் நடந்த போரால் திருவிழா பல ஆண்டுகள் தடைப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின் மீண்டும் தொடங்கியது. 2016 டிசம்பரில் அங்கே புதிய கோயிலும் அர்ச்சிக்கப்பெற்றது. குடியிருப்பார் ஒருவருமில்லாத தீவில், ஆண்டுக்கு ஒரு முறை இரு கரைத் தமிழரும் படகேறி வந்து கூடுகின்றமையால் அக்கோயில் உயிரோடு இருக்கிறது.

மூன்றாவது, நம் தனுக்கோடி மாதா கோயில். ஊர் நடுவில் இருந்தது; இரயில் வாயிலில் இருந்தது; நாள்தோறும் கப்பலேறுவோரைக் கண்டது. மூன்றனுள் மக்கள் புழக்கம் மிகுந்திருந்தது அதுவே. ஆயினும் அதுவே பாழாயிற்று. கோயிலைக் காப்பது கல்லின் வலிமை அன்று, குடியிருப்போர் தொகையும் அன்று; மறவாது திரும்பி வருகின்ற மனிதரே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இன்றைய நிலை

நெடுங்காலம் தனுக்கோடிக்குச் செல்வோர் மணலில் வேன்களில் குலுங்கிக் குலுங்கிச் சென்றனர். 2017ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் அரிச்சல்முனை வரை நல்ல சாலை திறக்கப்பெற்றது. அதன்பின் நாள்தோறும் மக்கள் திரளாக வருகின்றனர். 2019இல் தனுக்கோடிக்கு மீண்டும் இருப்புப்பாதை அமைக்க அடிக்கல் நாட்டப்பெற்றது. ஆயினும் இரயில் அங்கு இன்னும் மீளவில்லை.

நாம் அங்குச் சென்றபோது கோயிலைச் சுற்றிச் சங்கும் சிப்பியும் பாசிமணியும் விற்கும் கடைகளைக் கண்டோம். அவற்றை வைத்திருப்போர் அம்மண்ணின் மக்கள். அவர்கள் பிழைப்பு நல்லதே. ஆனால் வருகின்றவர்களுள் சிலர் செய்வது நெஞ்சை வருத்தியது. சுவர்மேல் ஏறி நின்று படம் எடுக்கின்றனர், பெயரைக் கீறுகின்றனர், உதிர்ந்த முருகைக்கல்லை நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொள்கின்றனர். ஒரு கல் போனால் என்ன என்று எண்ணுகின்றனர் போலும். அக்கல்லுக்கு மாற்றுக் கல் இனி இல்லை என்பதை அவர்கள் அறியார்.

ஏனெனில் முருகைக்கல்லை வெட்டுவது இன்று சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றன. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பெற்றன. அதற்கு முன் பல ஆண்டுகள் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்குமாகப் பவளப் பாறையை வெட்டி எடுத்ததன் விளைவாக, அத்தீவுகளுள் இரண்டு நீருள் மூழ்கிவிட்டன. பவளப்பாறை அலையின் வேகத்தைத் தணிக்கும் இயற்கைச் சுவர். அச்சுவரை இடித்தால் பின்னே உள்ள நிலம் எங்ஙனம் நிலைக்கும்? ஆகவே தனுக்கோடிக் கோயிலை அதே கல்லால் மீண்டும் கட்டுதல் இயலாது, கட்டவும் கூடாது. இருக்கின்ற கல்லை இருக்கின்றபடி காப்பது ஒன்றே செய்யத்தக்கது. சுவர் மேலும் சரியாதபடி சுண்ணாம்புக் கலவை இட்டு இறுக்குவதும், மக்கள் ஏறாதபடி வேலியிடுவதும், ஊரின் வரலாற்றைத் தமிழில் எழுதிய ஒரு பலகையை அங்கே நிறுத்துவதும் பெருஞ்செலவுக்குரிய செயல்கள் அல்ல.

நமக்குரிய செய்தி

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட கதையை மணிமேகலையில் படித்திருக்கின்றோம். அவ்வூர் ஒரு காப்பியத்தின் பக்கங்களில் வாழ்கிறது. தனுக்கோடிக்கு அத்தகைய காப்பியம் இல்லை. அவ்வழியே கப்பலேறிப் போனவர்களின் பேரன் பேத்தியர் நினைவில் இருந்தாலன்றி அதற்கு வேறு வாழ்வில்லை. நம் சங்கத்துக் குடும்பங்களுள்ளும் 'போட் மெயிலில் போனார் தாத்தா' என்று சொல்லும் வீடுகள் இருக்கலாம். அவ்வீட்டார் அக்கதையைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். முடியுமானால் ஒரு தாளில் எழுதியும் வைக்க வேண்டும். முதியோர் மறைந்தபின் கேட்க ஆளிருக்காது.

நாச்சாரத்தில் நாம் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றோம். பிள்ளைகள் திருக்குறள் ஒப்புவிக்கின்றனர், பெண்கள் கோலமிடுகின்றனர், ஒன்றாக அமர்ந்து உண்கின்றோம். "இதனால் என்ன பயன்?" என்று சில இளைஞர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நாம் காட்டத்தக்க விடை கச்சத்தீவிலும் தனுக்கோடியிலும் இருக்கிறது. ஆளில்லாத தீவில் ஒரு கோயில் ஆண்டுக்கு ஒரு நாள் கூடுவோரால் வாழ்கிறது. ஆள் நிறைந்திருந்த பட்டணத்தில் ஒரு கோயில், கூடுவார் இன்மையால் மாய்ந்தது. ஊர் விட்டு வந்த நமக்கு ஆண்டில் ஒரு நாள் கூடுதல் சிறு செயல் அன்று.

அடுத்த முறை இராமேசுவரம் செல்லும் அன்பர்கள் கடலாடி முடித்தபின் தனுக்கோடிக்கும் சென்று வாருங்கள். அந்தக் கோயிலின் முன் சிறிது நேரம் நில்லுங்கள். எந்தச் சமயத்தவராயினும் அங்குக் கைகூப்பலாம். அந்த இரவில் மாண்டவர்களுள் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர். பிள்ளைகள் ஆவலோடு ஒரு கல்லைக் கையிலெடுத்தால் அன்பாகச் சொல்லி, எடுத்த இடத்திலேயே வைக்கச் செய்யுங்கள்.